நின்றால் விழும் வண்டி

அத்தியாயம் 9

பட்டறைக்குள் நுழைவதற்கு முன்பே நாற்றம் வாசல் வரை வந்து வரவேற்றது.

கோழிக் கழிவு. பட்டறையை ஒட்டி ஓடிய வாய்க்காலில் தண்ணீரைத் தவிர எல்லாம் இருந்தது. இறகு, குடல், பிளாஸ்டிக் பை, இவை எல்லாவற்றின் மேலும் ஜரிகை போட்டது போலக் கறுப்பு எண்ணெய்.

"மேடம், இந்த வாய்க்காலுக்கு உயிர் இருக்கு. இப்பதான் என்னைப் பார்த்துக் கண்ணடிச்சுது" என்றான் சோடா. சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவன் என்பதால் அந்தப் பெயர். லேசாகக் குலுக்கினாலே பொங்கி வழியும் வாய் இரண்டாவது காரணம்.

பிரேக் மேடம் அவனுடைய முதலாளி. வாயைத் திறந்தால் நாற்றம் உள்ளே போய்விடும் என்று உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தாள். பதினெட்டு வருடம் பிரேக் இன்ஸ்பெக்டராக இருந்தவள். வண்டிகளைச் சோதித்து, ஓட்டுகிறவர்களை எட்டுப் போட வைத்து, லைசென்ஸுக்குக் கையெழுத்துப் போட்டவள். மேசைக்கு அடியில் நீண்ட உறைகளைப் பார்த்துப் பார்த்துக் குமட்டி ஒருநாள் வேலையை உதறினாள். துப்பறியும் தொழிலுக்கு வந்த பிறகு குமட்டல் இரண்டு மடங்கானதுதான் மிச்சம்.

மணி ஒன்று நாற்பது. நாலு மணிக்குள் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்.

கேட்டவள் ஆஸ்பத்திரி லாண்டரியில் படுக்கை விரிப்பு துவைக்கும் பெண். அவளுடைய கணவன் ஆட்டோ டிரைவர். இருபத்தாறு நாளாக ஆளையும் காணோம், ஆட்டோவையும் காணோம். முந்தாநாள் கால்வாய் மதகில் ஓர் உடல் ஒதுங்கியது. காக்கிச் சட்டை. முகம் என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. டிரைவரின் அண்ணன் வந்து பார்த்து, "என் தம்பிதான்" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதுவிட்டார். மனைவிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை.

"நாலு மணிக்குக் கையெழுத்துப் போடணுமாம் மேடம். போட்டா உடனே எரிச்சிடுவாங்க. எரிச்சப்புறம் அது அவர் இல்லேன்னு தெரிஞ்சா, நான் யாரை எரிச்சேன்னு எனக்கு யார் சொல்லுவா?"

அந்தக் கேள்வி நேற்று மாலையிலிருந்து மேடத்தின் காதில் உட்கார்ந்திருந்தது. இன்று காலை ஒரு பழைய இரும்புக் கடையில் ஆட்டோவின் மேல்கூரைத் துணி கிடைத்தது. அதன் கிழிசலில் மனைவி தன் கையால் போட்ட தையல். 'வாய்க்கால் ஓரப் பட்டறைக்காரன் எடைக்குப் போட்டான்' என்றார் கடைக்காரர்.

"ஆளைப் போட்டுட்டு வண்டியை உரிச்சிருக்கான். கேஸ் முடிஞ்சுது. நாம போய்க் குளிக்கலாம்" என்றான் சோடா.

"உள்ளே போ."

பட்டறைக்காரன் ஒரு கவிழ்த்த டிரம்மின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வெல்டிங் கண்ணாடி நெற்றியில். விரல் நகங்களில் ஒரு தலைமுறைக் கிரீஸ். அந்த விரல்களாலேயே பொட்டலத்தில் இருந்ததைப் பிசைந்து உருட்டினான். வந்தவர்களைப் பார்த்ததும், ஸ்பேனர் துடைக்கிற துணியை எடுத்து வாயைத் துடைத்தான். பிறகு அதே துணியால் மேடம் உட்காருவதற்காக ஒரு ஸ்டூலைத் துடைத்தான்.

"நிக்கிறேன்" என்றாள் மேடம் அவசரமாக.

சோடா கூரைத் துணியை எடுத்துக் காட்டினான். பட்டறைக்காரனுக்கு வியர்க்கவில்லை. முகம் வெளுக்கவில்லை. மாறாகப் பல் முழுதும் தெரியச் சிரித்தான்.

"ஓ, அந்த வண்டியா! பார்க்கணுமா? ரிப்பேருக்கு வந்து இங்கதான் நிக்குது."

மூலையில் கிடந்த தார்ப்பாயை இழுத்தான்.

சோடா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டான். இரண்டு சக்கரம். ஒவ்வொன்றும் ஓர் ஆள் கட்டிப்பிடிக்கிற தடிமன். நடுவில், பிடிவாதமாக நுழைந்துகொண்டது போல ஆட்டோவின் இன்ஜின். மேலே ஒரு பெஞ்சு அகலத்துக்கு சீட். முன்னால் அகன்ற கைப்பிடி. மொத்தத்தில், சண்டை போடக் கற்றுக்கொண்ட எருமை மாதிரி நின்றது.

"இதுக்குத் தாய் தகப்பன் யாருண்ணே?" என்றான் சோடா.

"தகப்பன் ஆட்டோ. தாய் நான்தான்" என்றான் பட்டறைக்காரன் பெருமையாக. "ரெண்டு வாரம் தூக்கமில்ல தம்பி. முன் சக்கரத்தைத் தாங்குற ஒத்தைக் கையைக் கழட்டிட்டு பெரிய பைக்கோட ஃபோர்க்கை மாட்டினேன். பின்னாடி ரெண்டு சக்கரத்துக்கும் போற ஆக்ஸில்ல ஒரு பக்கத்தை அடைச்சு, மறுபக்கத்துல செயின் சக்கரம். டயர் ரெண்டும் சின்ன டிராக்டரோடது. சேறு, மணல், பாறை, எங்க வேணா ஏறும். ரிவர்ஸ் கியர்கூட இருக்கு."

"பைக்குல ரிவர்ஸா? தைரியம் பாதியில தீர்ந்தா திரும்பி வர்ற வசதி!"

மேடம் வண்டியைச் சுற்றி வந்தாள். குனிந்தாள். இடது கைப்பிடியைத் திருகிப் பார்த்தாள்.

"கியர் இன்னும் கையிலயே இருக்கே? கால்ல மாத்தலையா?"

"நானும் தலைப்பாடா சொன்னேன். கஸ்டமர் ஒத்துக்கல. ஆட்டோவுல எப்படியோ அப்படியே இருக்கணும்னார். கியர் இடது கை, பிரேக் வலது கால், ஸ்டார்ட் பண்ண இழுக்கிற லீவர்கூட அதே இடத்துல, அதே உயரத்துல."

"சீட்டை இவ்வளவு அகலமா யார் கேட்டா?"

"அவர்தான். குறுகலா இருந்தா உட்கார வரலைன்னார்."

மேடம் சீட்டின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். வலது ஓரம் மட்டும் பள்ளம் விழுந்திருந்தது. இடது பாதி கடையிலிருந்து வந்த அன்றைக்கு இருந்தது போல உப்பலாக இருந்தது. உள்ளங்கையை உடனே தன் புடவையில் துடைக்கப் போய், புடவையை நினைத்து, சோடாவின் தோளில் துடைத்தாள்.

"இது எத்தனையாவது ரிப்பேர்?"

"ஒன்பது நாள்ல நாலாவது. கிளட்ச் லீவர் வளையுது, கைப்பிடி முனை நசுங்குது, மிதிகட்டை மடங்குது. தினம் எங்கயாவது விழறார்."

"காடு மேடெல்லாம் ஓட்டினா விழத்தானே செய்வாங்க" என்றான் சோடா.

"இதைப் பார்." மேடம் கைப்பிடியின் முனையைக் காட்டினாள். "ஓடுற வண்டி விழுந்தா இழுத்துக்கிட்டுப் போகும். கோடு விழும். நிக்கிற வண்டி விழுந்தா பொத்துன்னு விழும். புள்ளிதான் விழும். இந்த வண்டி முழுக்கத் தேடு. ஒரு கோடு காட்டு பார்க்கலாம்."

சோடா தேடினான். இடப்பக்கம் புள்ளி. வலப்பக்கம் புள்ளி. சைலன்சரில் ஒரு கீறல் இல்லை.

"எல்லாம் புள்ளி. நிக்கிற வண்டியிலேர்ந்து நாலு தடவை விழறதுக்குத் தனித் திறமை வேணும் மேடம்."

"திறமை இல்ல. பழக்கம்" என்றாள் மேடம். பட்டறைக்காரனிடம் திரும்பினாள். "முதல்ல ஆட்டோவை இங்க கொண்டுவந்தது யாரு?"

"அது வேற ஆள். நரைச்ச மீசை, நெத்தியில ஒரு மரு. ஒரு வேன்ல கயிறு கட்டி இழுத்துட்டு வந்தார். 'தம்பியோட வண்டி, இனிமே ஆட்டோவா அவனுக்குத் தேவைப்படாது'ன்னு சொல்லிட்டுப் போனார்."

சோடாவின் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது. நரைத்த மீசை, நெற்றி மரு. பிணவறை வாசலில் மார்பில் அடித்துக்கொண்டு அழுததை அவனே பார்த்திருந்த அண்ணன்காரர்!

"பின் சீட்டுல ஏதாவது கறை இருந்துதா?" என்று மேடம் கேட்டாள்.

"இருந்துச்சு. என்ன கறைன்னு நான் கேட்கிறதில்ல. தண்ணி ஊத்திக் கழுவிடுவேன்." பட்டறைக்காரன் மறுபடி பொட்டலத்தில் கைவைத்தான். "ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கதை இருக்கும்மா. கதை கேட்டா வேலை நின்னு போகும்."

"ஒரு ஆளையே காணோம்யா!"

"நான் ஆளைப் பிரிக்கலையே. வண்டியைத்தானே பிரிச்சேன்?"

மேடம் அவனை ஒரு கணம் பார்த்தாள். வாய்க்கால் அத்தனை மோசமில்லை என்று தோன்றியது.

"கஸ்டமர் பேரென்ன?"

"பேர் எதுக்கு? நான் 'ஹெல்மெட்'டுன்னு கூப்பிடுவேன். முழு மூஞ்சியும் மூடுற ஹெல்மெட். கழட்டினதே கிடையாது. ரெண்டேகாலுக்கு வண்டி எடுக்க வர்றார்."

வெளியே வந்ததும் சோடா பொங்கிவிட்டான்.

"மேடம், தெளிவா இருக்கு! அண்ணன்காரர் தம்பியை முடிச்சிருக்கார். வண்டியை இழுத்துட்டு வந்து இங்க தள்ளியிருக்கார். அந்த ஹெல்மெட்டு அவரோட கூட்டாளி. போலீஸுக்கு போன் போடட்டுமா?"

"போடாதே."

"ஏன்?"

"நான் அந்த ஹெல்மெட்டுகிட்ட ஒரே ஒரு வார்த்தை பேசணும்."

"என்ன வார்த்தை?"

"மூக்கைப் பொத்திக்கிட்டு அந்தப் பக்கம் நில்லு."

பட்டறைச் சந்து தெருவில் சேரும் இடத்தில், வாய்க்கால் கரையை ஒட்டி ஒரு மின்கம்பம். அதன் பக்கத்தில், கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவசரமாக எங்கோ போக வேண்டிய நடுத்தர வயதுப் பெண்ணைப் போல மேடம் நின்றாள். உண்மையில் அவள் அப்படித்தான் இருந்தாள்.

ரெண்டு பதினெட்டு. கறுப்பு ஹெல்மெட், கையுறை, முழங்கால் வரை பூட்ஸ் போட்ட ஓர் உருவம் சந்துக்குள் போயிற்று. கொஞ்ச நேரத்தில் லீவரை இழுக்கும் சத்தம். ஒருமுறை, இருமுறை. மூன்றாவது இழுப்பில் ஆட்டோ இன்ஜினின் இருமல்.

வண்டி சந்துக்குள்ளிருந்து தெருவுக்கு வந்தது. உருவம் சீட்டின் வலது ஓரத்தில் மட்டும் உட்கார்ந்திருந்தது. இடப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத யாரோ ஒட்டிக்கொண்டு வருவது போல இடம் விட்டிருந்தது. வேகம் கூடியது. மேடத்தைக் கடக்கப் பத்தடி இருந்தது.

மேடம் வலது கையை உயர்த்தினாள். தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

"ஆட்டோ!"

ஹெல்மெட் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் தப்பித்திருப்பான். வலது கால் பிரேக்கை மிதித்தது. வண்டி, வாடிக்கையாளரின் கால் விரலுக்கு ஓர் அடி தள்ளி, அளவெடுத்தது போல வந்து நின்றது. தலை, ஆட்டோவுக்குள்ளிருந்து குனிந்து பார்ப்பது போலச் சாய்ந்தது.

நின்ற வண்டி அப்படியே நின்றது. ஒரு விநாடி. அவனுடைய இரண்டு கால்களும் வண்டியின் மேலேயே இருந்தன. ஒரு கால்கூடத் தரையைத் தேடவில்லை.

பிறகு வண்டியும் அவனும் சேர்ந்து, கோயில் யானை படுப்பது போல நிதானமாக, இடப்பக்கம் சாய்ந்தார்கள். வண்டி கரையில் விழுந்தது. அவன் வாய்க்காலில் விழுந்தான்.

"இருபத்திரண்டு வருஷமா மூணு சக்கரம் ஓட்டினவன்" என்றாள் மேடம், தெறித்தது மேலே படாமல் பின்வாங்கியபடி. "நிறுத்தினா கால் ஊணணும்னு அவன் காலுக்குத் தெரியாது. பக்கத்துல ஒரு ஆளை ஒட்ட வச்சு ஓட்டி ஓட்டி, வலது ஓரமா உட்கார்ந்தாதான் உடம்புக்கு ஒத்துக்கும். எத்தனை ஆட்டோக்காரங்களை டூவீலர் லைசென்ஸ் டெஸ்ட்ல இப்படி விழ விட்டிருக்கேன் தெரியுமா?"

"அப்போ... அப்போ இது..."

"கையைக் கொடுத்துத் தூக்கு."

"எந்தக் கையை மேடம்? நான் இந்தக் கையாலதான் சாப்பிடறேன்!"

உருவம் தானாகவே கரையேறியது. தோளில் ஒரு குடல் மாலை போலத் தொங்கியது. மூச்சு முட்டியதில் ஹெல்மெட்டைப் பிடுங்கி எறிந்தது. உள்ளே, மனைவி கொடுத்த புகைப்படத்தில் இருந்த அதே முகம். மீசையை மட்டும் எடுத்திருந்தான்.

கொலையானவன் இருமினான். துப்பினான். மேடத்தைப் பார்த்தான்.

"யாரு நீங்க? போலீஸா?"

"உங்க மனைவி அனுப்பின ஆளு."

அவன் கரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அவகிட்ட சொல்லாதீங்க" என்றான். "நான் கெட்டவன் இல்லைங்க. குடி கிடையாது. வேற பொம்பளை கிடையாது. இருபத்திரண்டு வருஷம் முதுகுக்குப் பின்னாடி யாராவது உட்கார்ந்துகிட்டு, லெஃப்டுல திருப்பு, ரைட்டுல திருப்பு, நிறுத்துன்னு சொல்லிட்டே இருந்தாங்க. வீட்டுக்குப் போனா அதைப் பண்ணு, இதை வாங்கு. முதுகுக்குப் பின்னாடி ஆளே இல்லாத ஒரு வண்டி வேணும்னு ஆசைப்பட்டேன். ரோடே இல்லாத இடமா ஓட்டணும். அண்ணன்கிட்ட மட்டும் சொன்னேன், வண்டியை அவர்தான் இங்க இழுத்துட்டு வந்து விட்டார். அவ்வளவுதான்."

ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், சோடாவுக்குப் பாவமாக இருந்தது.

"ஆசைப்பட்டதுல தப்பில்ல" என்றாள் மேடம். "அவங்ககிட்டச் சொல்லிட்டுப் போயிருக்கலாம். சேர்ந்து வாழப் பிடிக்கலைன்னா விவாகரத்துன்னு ஒண்ணு இருக்கு."

"சேச்சே, அது அசிங்கம்!" என்றான் அவன், காதோரம் வழிந்ததைத் துடைத்தபடி.

சோடா அவனையும் அவன் தோளில் தொங்கிய குடலையும் மாறி மாறிப் பார்த்தான்.

"கால்வாய்ல ஒதுங்கின உடம்பு பத்தி உங்களுக்குத் தெரியுமா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"அண்ணன் போன்ல சொன்னார். அவர் பொண்ணுக்கு வரன் பார்த்துட்டிருக்காங்க. சித்தப்பன் பொண்டாட்டியை விட்டு ஓடிட்டான்னா பேர் கெட்டுப்போகும். செத்துட்டான்னா நாலு பேர் வந்து துக்கம் கேட்டுட்டுப் போவாங்க. காக்கிச் சட்டை போட்ட உடம்பு ஒண்ணு கிடைச்சிருக்கு, நான்னு சொல்லிடறேன்னார். நான்... சரின்னுட்டேன்." நிமிர்ந்தான். "அது யாரோ அநாதைங்க. யாருக்கு என்ன நஷ்டம்?"

மேடம் அவனிடமிருந்து ஓர் அடி விலகினாள். கோழிக் கழிவால் அல்ல.

"அநாதைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்களைக்கூடத்தான் கால்வாய்ல பார்த்தா அப்படிச் சொல்லியிருப்பாங்க. ஆனா உங்களைத் தேடி ஒருத்தி என் ஆபீஸ் படி ஏறினாளே!" சோடாவிடம் திரும்பினாள். "அவங்களுக்கு போன் போடு. கையெழுத்துப் போட வேண்டாம்னு சொல்லு."

மணி ரெண்டு நாற்பது. சோடா போட்டான். லாண்டரியில் கூட வேலை செய்யும் பெண் எடுத்தாள். பின்னணியில் துவைக்கும் இயந்திரங்களின் இரைச்சல். சோடாவின் முகம் மாறியது.

"மேடம், அவங்க ரெண்டு மணிக்கே கையெழுத்துப் போட்டாச்சாம்! அண்ணன்காரர் வந்து, துப்பறியிற மேடம் போன் பண்ணிட்டாங்க, அது தம்பிதான்னு உறுதி பண்ணிட்டாங்கன்னு சொன்னாராம். உங்க பேரைச் சொன்னதாலதான் அக்கா போட்டிருக்காங்க. போனை இங்கயே வச்சுட்டு மின்மயானத்துக்குப் போயிட்டாங்க. மூணு மணிக்கு உள்ளே தள்ளிடுவாங்களாம்!"

மயானத்துக்கு போன் போட்டார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. பாலத்தைச் சுற்றிப் போனால் நாற்பது நிமிடம். நேராகப் போனால் பத்து. ஆனால் நேராக ரோடு கிடையாது. இருந்தது ஊரின் குப்பை மேடு.

மேடம் கரையில் கிடந்த வண்டியைப் பார்த்தாள். அந்தக் கொழுத்த டயர்களைப் பார்த்தாள். டிரைவரைப் பார்த்தாள்.

"தூக்கி நிறுத்துங்க. சவாரி வந்திருக்கு."

"நான் வரமாட்டேன்."

"வரலைன்னா, ஒரு மனுஷனை உங்க பேர்ல எரிச்சதுக்கு நீங்களும் உங்க அண்ணனும் சேர்ந்து உள்ளே போவீங்க. அங்க முதுகுக்குப் பின்னாடி மட்டும் இல்ல, முன்னாடியும் ஆள் இருப்பாங்க."

அவன் வண்டியைத் தூக்கினான். மேடம் பின்னால் ஏறினாள். சோடா தயங்கினான்.

"மூணு பேர் தாங்குமா?"

"நான் ஏழு பேர் ஏத்தினவன் தம்பி" என்றான் டிரைவர், அனிச்சையாக. "நெருங்கி உட்காருங்க."

நெருங்கி உட்காருவதுதான் கொடுமையாக இருந்தது. மேடத்தின் மூக்குக்கு நாலு விரற்கடை முன்னால் அவனுடைய முதுகு. அதில் ஒட்டியிருந்த ஈர இறகுகள். பின்னால் சோடா, கண்ணை மூடிக்கொண்டு எல்லாக் கடவுளுக்கும் பொதுவாக ஒரு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தான்.

முப்பது வருடமாக அந்த ஊர் தின்று துப்பியது, கிழித்து எறிந்தது, கழுவிக் கொட்டியது எல்லாம் மலையாக எழுந்து நின்றது. வண்டி அதன் மேல் ஏறியது. ஜீப் புதைந்திருக்கும், பைக் வழுக்கியிருக்கும். இந்த டயர்கள் குழைந்த குப்பையின் மேல் பூனை போல நடந்தன. ஒரு சரிவில் அழுகிய காய்கறிக் குளம். இன்னொரு சரிவில் புகைந்துகொண்டிருந்த மெத்தைகள். ஒரு இடத்தில் சக்கரம் சுழன்று நின்றுவிட, டிரைவர் இடது கையைத் திருகி ரிவர்ஸ் போட்டு, பின்வாங்கி, வேறு வழியில் ஏறினான். வண்டி நின்ற ஒவ்வொரு தடவையும் சோடாதான் இரண்டு காலையும் ஊன்றினான். அந்த நாள் முழுவதிலும் தன்னை அருவருக்க வைக்காத ஒரே பொருள் இந்த வண்டிதான் என்று மேடத்துக்குத் தோன்றியது. கெட்டிக்காரத்தனமான வண்டி. ஓட்டுகிறவனுக்குத்தான் அந்தத் தகுதி இல்லை.

மூணு அடிக்க மூன்று நிமிடம் இருக்கும்போது மயானத்தின் பின்சுவர் தெரிந்தது. உடைந்த இடம் வழியாக வண்டி உள்ளே பாய்ந்தது.

கூடத்தில் ஐந்தாறு பேர். உலைக்கு முன்னால் தண்டவாளத்தின் மேல் ஸ்ட்ரெச்சர். வெள்ளை விரிப்பு. ஊழியர் ஒருவர் கதவின் கைப்பிடியில் கை வைத்திருந்தார். நரைத்த மீசைக்காரர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஸ்ட்ரெச்சரின் கால்மாட்டில் லாண்டரிப் பெண், அசையாமல்.

"நிறுத்துங்க!" சோடாவின் குரல் கூடத்தில் மோதித் திரும்பியது. "அது அவர் இல்ல! இவர்தான் அவர்!"

எல்லோரும் திரும்பினார்கள். அண்ணன்காரரின் துண்டு கண்ணிலேயே நின்றுவிட்டது.

மனைவி நடந்து வந்தாள். நாலடி தள்ளி நின்று கணவனைத் தலையிலிருந்து பூட்ஸ் வரை பார்த்தாள். சீழும் ரத்தமும் காய்ந்த விரிப்புகளைத் தினம் கையால் பிரிப்பவள். எதற்கும் முகம் சுளிக்காதவள் என்று லாண்டரியில் பெயர். இப்போது சுளித்தாள்.

"நான் வந்து..." என்று ஆரம்பித்தான் அவன்.

"இவரை எரிக்கப் போறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? அதை மட்டும் சொல்லுங்க."

அவன் அண்ணனைப் பார்த்தான். மேடம் தலையை ஒருமுறை அசைத்தாள். தெரியும்.

"அம்மாடி, வீட்ல பொண்ணுக்குப் பேசிட்டிருக்கோம், குடும்ப மானம்னு ஒண்ணு..." என்று அண்ணன்காரர் முன்னால் வந்தார்.

"மாமா, நீங்க பிணவறையில ஒரு மணி நேரம் அழுதீங்க" என்றாள் அவள். "நான் உங்களுக்குத் தண்ணி கொண்டுவந்து கொடுத்தேன்."

அவர் வந்த அடியைப் பின்னால் எடுத்துவைத்தார்.

மேடம் பதிவேட்டைப் பிடுங்கி டிரைவர் முன்னால் வைத்தாள். இறந்தவர் பெயர் என்ற இடத்தில் இருந்த தன் பெயரை அவனே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டான். தாளில் பழுப்பாக ஒரு கறை ஒட்டியது. உலைக் கதவிலிருந்து ஊழியர் கையை எடுத்தார்.

"உடம்பு மறுபடி பிணவறைக்குத்தான் போகணும். வேன் வாசல்ல நிக்குது" என்றார். "ஆனா இறக்கி வச்சதைத் திரும்ப ஏத்த எங்க ஆளுங்க வரமாட்டாங்க. நீங்கதான் தூக்கணும்."

"தூக்குறோம்" என்றாள் மனைவி. கணவனிடம் திரும்பினாள். "தலைமாட்டுல நீங்க. மாமா, அந்தப் பக்கம் நீங்க. துணியை விலக்கி ஒரு தடவை பார்த்துட்டுத் தூக்குங்க."

"எதுக்கு?" அவன் குரல் உடைந்தது.

"உங்களுக்குப் பதிலா எரிய வந்தவர். யாருன்னு பார்க்க வேண்டாமா?"

அவன் பார்த்தான். மூலைக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தான். அவள் காத்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு அவன் திரும்பி வந்ததும், "முடிஞ்சுதா? வாங்க" என்றாள்.

கால்மாட்டில் ஒரு பக்கம் அவள். இன்னொரு பிடி காலியாக இருந்தது. சோடா கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். மேடம் கைப்பையை அவன் கழுத்தில் மாட்டிவிட்டு, குனிந்து அந்தப் பிடியைப் பிடித்தாள். இரும்பு சில்லென்று இருந்தது. அவளுக்கே ஆச்சரியம்: குமட்டவில்லை.

நாலு பேரும் தூக்கினார்கள். கனம் அதிகமில்லை.

வேனுக்குள் வைத்ததும் மனைவி ஏறி, சரிந்திருந்த விரிப்பை இழுத்து, நாலு மூலையையும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குச் செய்வது போல மடித்துச் செருகினாள். ஒரு சுருக்கம் இல்லாமல் நீவினாள். பிறகு உடலுக்குப் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்துகொண்டாள்.

"மேடம், இவர் வீட்டைக் கண்டுபிடிங்க."

"அக்கா, அது போலீஸ் வேலை..." என்றான் சோடா.

"அவங்க தேடின லட்சணத்தைத்தான் பார்த்தோமே தம்பி. இருபத்தாறு நாளா நான் ராத்திரி கதவைத் தாழ் போடல. எந்த நேரம் வந்தாலும் தட்ட வேண்டாம், நேரா உள்ளே வரட்டும்னு. இவர் வீட்லயும் யாரோ தாழ் போடாமதான் படுத்துட்டிருப்பாங்க."

மேடம் நோட்டை எடுத்தாள். புதுப் பக்கத்தைத் திருப்பினாள்.

டிரைவர் வேனின் கதவருகே வந்து நின்றான். உள்ளே பார்க்காமல், தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"நான் வீட்டுக்கு வரட்டுமா?"

அவள் எட்டி வேன் கதவைப் பிடித்தாள்.

"இன்னைக்குத் தாழ் போட்டுடுவேன்" என்றாள். கதவை இழுத்துச் சாத்தினாள்.